ஈழத்துக் குற்றங்களுக்கு நீதி: எந்த வழிக்காக உழைப்பது?

இலங்கையைப் பற்றிய ஒரு தீர்மானம் 2025 அக்டோபரில் ஜெனீவாவின் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2021 முதல் செய்துவரும் ஆதாரத் திரட்டுப் பணிக்கு அதனால் மேலும் இரண்டு ஆண்டு ஆயுள் கிடைத்திருக்கிறது. 2027இல் அதே கேள்வி மறுபடியும் எழும். அதற்குள் ஈழத்தமிழருக்கு நீதி கேட்பவர்கள், சென்னையில் இருந்தாலும் டொரன்டோவில் இருந்தாலும், ஒன்றை முடிவுசெய்தாக வேண்டும். இருக்கும் வழிகளில் எதற்காக உழைப்பது?

'சர்வதேச விசாரணை வேண்டும்' என்ற கோரிக்கையை 2009 முதல் எழுப்பிவருகிறோம். ஆனால் அந்தக் கோரிக்கைக்குள் ஒன்றோடொன்று சேராத பல வழிகள் கிடக்கின்றன. ஒன்றுக்குப் பாதுகாப்பு கவுன்சிலின் சம்மதம் வேண்டும். இன்னொன்றுக்குக் கொழும்பின் சம்மதமே வேண்டும். வேறொன்றுக்கு ஏதாவது ஒரு நாடு துணிந்தால் போதும். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எல்லா மேடையிலும் எல்லாவற்றையும் கேட்டதால், யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பதே மங்கிப்போய்விட்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் கீழ் இலங்கையை, நாடுகளுக்கிடையேயான வழக்குகளை விசாரிக்கும் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் வழிக்குத்தான் இப்போது நம் பலத்தின் பெரும்பகுதி போக வேண்டும். ஏன் என்பதற்கு மற்ற வழிகளையும் பார்க்க வேண்டும்.

இலங்கையின் சொந்த நீதிமன்றங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே நேர்மையான நீதிபதிகளே இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். மிருசுவில் வழக்கே சாட்சி. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த சிலர் தங்கள் வீடுகளையும் தோட்டத்தையும் பார்த்துவரத் திரும்பினார்கள். ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டு மலக்குழியில் போடப்பட்டார்கள். தப்பிய ஒருவரின் சாட்சியத்தில் வழக்கு நின்றது. பதினைந்து ஆண்டு கழித்து, 2015இல், சுனில் ரத்னாயக்க என்ற இராணுவ சார்ஜன்டுக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அதை உறுதிசெய்தார்கள். அடுத்த ஆண்டே, 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின் நடுவே, குடியரசுத் தலைவர் கோத்தபய ராஜபக்ச பொதுமன்னிப்பு வழங்கி அவரை வெளியே விட்டார். பத்தொன்பது ஆண்டு ஏறி இறங்கிய நீதிமன்றப் படிகள் ஒரு கையெழுத்தில் வீணாயின.

அந்த வழக்காவது தண்டனை வரை போனது. 1996இல் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்ட வழக்கில் ஆறு இராணுவத்தினரையும் 2016இல் அநுராதபுரத்து ஜூரி விடுதலை செய்தது. 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கும் 2019இல் விடுதலையில் முடிந்தது.

இப்போது செம்மணி. யாழ்ப்பாணம் அரியாலையில், சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் கட்டுமானப் பணிக்கு மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீல நிறப் பள்ளிப்பை ஒன்றும் கிடைத்தது. இந்த அகழ்வை நடத்திய அதிகாரிகளும் தடயவியல் நிபுணர்களும் செய்யும் வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் எலும்பை வெளியே எடுப்பது ஒரு கட்டம். யார் மீது வழக்கு என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் கொழும்பில், அரசின் தலைமை வழக்கறிஞரான சட்டமா அதிபரிடம் இருக்கிறது. கொழும்பில் மாணவர்கள் உட்பட பதினொரு பேர் கடத்தப்பட்ட வழக்கில் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட மீதான குற்றச்சாட்டைத் தொடரப்போவதில்லை என்று 2021இல் முடிவெடுத்தது அந்த அலுவலகம்தான். அநுர குமார திசாநாயக்க அரசு தன் முன்னோடிகளைவிட நல்ல நோக்கம் கொண்டதாகவே இருக்கட்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணமே அவருடைய கூட்டணிக்கு வாக்களித்தது. ஆனால் வழக்கு தொடுப்பவரும் அரசுக்கு ஆலோசனை சொல்பவரும் ஒரே அலுவலகமாக இருக்கும்வரை, நல்ல அரசு போய் அடுத்த அரசு வந்தால் மன்னிப்புக் கடிதமும் கூடவே வரும். மிருசுவிலுக்குப் பின் உள்ளகப் பொறிமுறையை மட்டும் நம்பி இருங்கள் என்று கிளிநொச்சித் தாய்மார்களிடம் சொல்ல எனக்கு நாக்கு எழாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பதில் கேட்டு அவர்கள் 2017 பிப்ரவரி முதல் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்து விசாரிக்கும் கலப்பு நீதிமன்றம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெனீவாவின் 2015 அக்டோபர் தீர்மானத்தில் இலங்கையே இணை அனுசரணையாளர். காமன்வெல்த், வெளிநாட்டு நீதிபதிகளும் வழக்குத் தொடுநர்களும் பங்கேற்பார்கள் என்பது அதிலேயே இருந்தது. சில மாதங்களில், வெளிநாட்டு நீதிபதிகளுக்கு இடமில்லை என்று அப்போதைய குடியரசுத் தலைவர் சிறிசேன சொல்லிவிட்டார். 2020 பிப்ரவரியில் இலங்கை அனுசரணையிலிருந்தே விலகியது. வீட்டுக்காரர் கதவைத் திறந்தால்தான் உள்ளே போக முடியும் என்ற வழி இது.

தனிமனிதர்களை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம்தான் நம் மேடைகளில் அதிகம் ஒலிக்கும் பெயர். அதை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை. எனவே பாதுகாப்பு கவுன்சில் அனுப்ப வேண்டும், அல்லது இலங்கை தானே ஒப்புக்கொள்ள வேண்டும். கவுன்சில் 2005இல் டார்ஃபூரையும் 2011இல் லிபியாவையும் அனுப்பியது. லிபியாவை அனுப்பும் தீர்மானத்துக்கு அப்போது கவுன்சிலில் இருந்த இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது என்பதைத் தமிழ்நாட்டில் பலர் மறந்துவிட்டார்கள். ஆனால் 2014இல் சிரியாவை அனுப்ப முயன்றபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோவைப் பயன்படுத்தின. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கும் சீனா இலங்கை விஷயத்தில் வேறு மாதிரி நடக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இதற்கு ஒரு பக்கவாசல் உண்டு. மியான்மர் உறுப்பு நாடு இல்லை. ஆனாலும் ரோஹிங்கியாக்கள் விரட்டப்பட்டு வந்துசேர்ந்த வங்கதேசம் உறுப்பு நாடு. குற்றத்தின் ஒரு பகுதி வங்கதேச மண்ணில் முடிகிறது என்பதால் நாடுகடத்தல் குற்றத்தை விசாரிக்கலாம் என்று 2018 செப்டம்பரில் அந்த நீதிமன்றம் சொன்னது. ஈழத்தமிழர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஓடிய கதைக்கும் இது பொருந்தும் என்று வழக்கறிஞர்கள் வாதிடுகிறார்கள். முயலட்டும். ஆனால் மண்டபம் முகாமுக்குப் படகில் வந்து இறங்கியவர்களை வைத்து இந்த வாதத்தை எடுக்க முடியாது. ஏனென்றால் இந்தியாவும் உறுப்பு நாடு இல்லை. இறுதிப் போரில் நடந்த குண்டுவீச்சும் மருத்துவமனைத் தாக்குதல்களும் இந்தப் பக்கவாசல் வழியாக உள்ளே போகவும் மாட்டா.

அடுத்தது இனப்படுகொலை உடன்படிக்கை. காம்பியா 2019 நவம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் மியான்மர் மீது வழக்கு தொடுத்து, இரண்டே மாதத்தில் இடைக்கால உத்தரவு வாங்கிய பிறகு, நாமும் அப்படி ஒரு நாட்டைத் தேட வேண்டும் என்ற ஆசை பலருக்கு வந்தது. வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரியில் இனப்படுகொலைத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. கனடா நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழர் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றிருக்கிறது. நடந்தது இனப்படுகொலைதான் என்ற உணர்வை நான் குறைத்துப் பேசவில்லை. நீதிமன்றத்தில் அதை நிரூபிப்பது வேறு வேலை. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கம் ஒன்றைத் தவிர வேறு எந்த நியாயமான முடிவுக்கும் வர முடியாது என்ற அளவுக்கு ஆதாரம் வேண்டும் என்பது அந்த நீதிமன்றத்தின் நிலை. போஸ்னியா முழுவதும் நடந்த கொலைகளில் சிரெப்ரெனிட்சா ஒன்றை மட்டுமே 2007 தீர்ப்பு இனப்படுகொலை என்றது. 2015இல் குரோஷியாவும் செர்பியாவும் ஒன்றன்மேல் ஒன்று சுமத்திய குற்றச்சாட்டுகள் இரண்டுமே தள்ளுபடியாயின. நாம் தோற்றால் அந்தத் தீர்ப்பைக் கொழும்பு அடுத்த ஐம்பது ஆண்டுக்குத் தூக்கிப் பிடிக்கும். மியான்மர் வழக்கின் தீர்ப்பு இந்த அளவுகோலை எங்கே வைக்கிறது என்று பார்த்துவிட்டு அடியெடுத்து வைப்பதே விவேகம்.

உலகின் எந்த மூலையில் நடந்தாலும் கொடிய குற்றங்களைத் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே விசாரிக்கும் அதிகாரம் பல நாடுகளுக்கு உண்டு. சிரியாவின் உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதித்தது இப்படித்தான். யாழ்ப்பாணத்தில் பி.பி.சி.க்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை தொடர்பாக 2022 பிப்ரவரியில் பிரிட்டிஷ் போலீஸ் நார்தாம்ப்டன்ஷயரில் ஒருவரைக் கைதுசெய்து விசாரித்தது. இருபத்தோரு ஆண்டுக்குப் பிறகும் ஒரு போலீஸ் அதிகாரி கதவைத் தட்டுகிறார் என்பது சிறிய விஷயம் இல்லை.

ஆனால் பெரிய ஆட்கள் தப்பிவிடுகிறார்கள். வன்னிப் படைத்தளபதியாக இருந்த ஜகத் ஜயசூரிய பிரேசிலில் தூதராக இருந்தபோது, 2017 ஆகஸ்டில் அவர்மீது லத்தீன் அமெரிக்காவில் புகார்கள் தாக்கலாயின. அதற்குள் அவர் நாடு திரும்பிவிட்டார். கோத்தபய 2022 ஜூலையில் பதவி இழந்து சிங்கப்பூரில் தங்கியிருந்தபோதும் அங்கே புகார் கொடுக்கப்பட்டது. கைது நடக்கவில்லை. பதவி போய், நாட்டையும் விட்டு, வேற்று மண்ணில் நின்ற ஒருவரையே தொட முடியவில்லை என்றால், இந்த வழி அந்தந்த நாட்டின் மனத்தைப் பொறுத்தே நடக்கும் என்பது விளங்கும். தடைகளும் இப்படியே. கனடா 2023 ஜனவரியில் மகிந்த, கோத்தபய இருவர் மீதும் தடை விதித்தது. பிரிட்டன் 2025 மார்ச்சில் முன்னாள் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா, கரன்னாகொட, ஜயசூரிய ஆகியோரோடு, புலிகளிலிருந்து பிரிந்த கருணா என்கிற விநாயகமூர்த்தி முரளிதரனையும் பட்டியலில் சேர்த்தது. விசா கிடைக்காது, சொத்து முடங்கும். அவமானம் உண்டு, விசாரணை கிடையாது.

இனி நான் முன்வைக்கும் வழி. அதற்கு ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுக்குப் போக வேண்டும். 1982 முதல் 1990 வரை அங்கே ஆண்ட இசேன் ஆப்ரே ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் வதைத்தார். பதவி போனதும் செனகலுக்கு ஓடி அங்கே வசதியாக வாழ்ந்தார். சுலைமான் கெங்கெங் என்ற கணக்காளர் அவருடைய சிறையில் வாடியவர். உயிரோடு வெளியே வந்தால் உண்மையைச் சொல்வேன் என்று உறுதி எடுத்தவர், வெளியே வந்து 792 பேரின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாகத் திரட்டினார். மிரட்டல் வந்ததும் அந்தக் கோப்புகளை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்தார். சித்திரவதை உடன்படிக்கையில் உறுப்பினரான செனகல், ஆப்ரேயை விசாரிக்கவும் இல்லை, ஒப்படைக்கவும் இல்லை. பெல்ஜியம் 2009இல் செனகல் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கு தொடுத்தது. 2012 ஜூலை 20 தீர்ப்பில் நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, ஆப்ரேயை ஒப்படைக்காவிட்டால் செனகல் தாமதமின்றி வழக்கு நடத்த வேண்டும். மற்றது நமக்கு முக்கியம்: இந்த உடன்படிக்கையில் உறுப்பினராக இருக்கும் எந்த நாடும், தனக்கு நேரடிப் பாதிப்பு இல்லாவிட்டாலும், இன்னோர் உறுப்பு நாடு கடமையைச் செய்யவில்லை என்று வழக்கு தொடுக்கலாம். டக்கார் நகரில் சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. 2016 மே 30 அன்று ஆப்ரேக்கு ஆயுள் தண்டனை. கெங்கெங் அந்த நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

இலங்கை 1994 ஜனவரியில் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கும் 30ஆம் பிரிவுக்கு அது விலக்கு எதுவும் கேட்கவில்லை. ஆப்ரே வழக்கில், செனகல் சேர்வதற்கு முன் நடந்தவற்றுக்கு விசாரணைக் கடமை இல்லை என்று நீதிமன்றம் ஒதுக்கிவைத்தது. இலங்கைக்கு அந்தச் சிக்கலும் இல்லை. 2009 இறுதிப் போரும், அதற்குப் பிந்தைய தடுப்பு முகாம்களும், அந்தக் காலத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நடந்த கைதுகளும் எல்லாம் 1994க்குப் பின்னால்தான். நடைமுறையும் இப்போது தெளிவாக இருக்கிறது. சிரியா மீது நெதர்லாந்து 2020இலும் கனடா 2021இலும் இதே உடன்படிக்கையின் கீழ் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு அனுப்பின. பேச்சு பலிக்காமல் 2023 ஜூனில் வழக்கு தாக்கலானது. நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி எந்தக் கட்டத்திலும் தேவைப்படவில்லை. சீனாவின் வீட்டோவுக்கு இங்கே வேலை இல்லை.

குறையையும் சொல்லியாக வேண்டும். இது சித்திரவதைக்கான உடன்படிக்கை. பாதுகாப்பு வலயத்தில் விழுந்த ஷெல்களுக்கும், ஐ.நா. நிபுணர் குழு 2011இல் 40,000 வரை இருக்கலாம் என்று சொன்ன பொதுமக்கள் சாவுகளுக்கும் இந்த வழக்கில் நேரடியாகத் தீர்ப்பு வராது. முள்ளிவாய்க்காலின் பெரும்பகுதி வெளியேதான் நிற்கும். யாரும் சிறைக்குப் போக மாட்டார்கள். தீர்ப்பு நாட்டுக்கு எதிரானது. ஆனால் உள்ளே வருவது எது என்று பாருங்கள். ஐ.நா.வின் 2015 அறிக்கையே விரிவாகப் பதிவுசெய்த தடுப்புக்காவல் வதைகளும் பாலியல் வன்முறையும் வருகின்றன. 2009 மே மாதம் வட்டுவாகலில் தங்கள் கையாலேயே கணவனையும் மகனையும் இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு இன்றுவரை பதில் கிடைக்காத குடும்பங்களின் வேதனையையும் இந்த உடன்படிக்கைக்குள் வைத்து வாதிட இடம் உண்டு. இவற்றை உடனடியாக, நடுநிலையோடு விசாரிக்கும் கடமையில் இலங்கை தவறியது என்று ஹேக் நகரில் ஒரு தீர்ப்பு வந்தால், அடுத்த பொதுமன்னிப்பில் கையெழுத்திடும் தலைவர் சர்வதேசத் தீர்ப்பை மீறியவர் ஆவார். ஜெனீவாவின் எந்தத் தீர்மானத்துக்கும் அந்தக் கட்டாயச் சக்தி இல்லை.

யார் வழக்கு தொடுப்பது? இந்தியா தொடுக்க முடியாது. 1997இல் இந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இந்தியா இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. அதற்கான மசோதா 2010இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேங்கிக் காலாவதியானது. உறுதிசெய்யுங்கள் என்று சட்ட ஆணையம் 2017இல் பரிந்துரைத்தது. இனப்படுகொலை உடன்படிக்கையிலும், தன் சம்மதம் இன்றி சர்வதேச நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்ற விலக்கோடுதான் இந்தியா நிற்கிறது.

டெல்லியின் ஜெனீவா வாக்குகளை வரிசையாக வைத்தால் நிலைமை புரியும். 2009 மே மாதம், போர் முடிந்த சூட்டில், கொழும்பைப் பாராட்டிய தீர்மானத்துக்கு ஆதரவு. 2012, 2013இல் இலங்கைக்கு எதிராக வாக்கு. 2014இல் சர்வதேச விசாரணைக்கு வழிவிட்ட தீர்மானத்தில் நடுநிலை. 2021, 2022இலும் நடுநிலை. இதற்குச் சீனா காரணம், மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் 13ஆம் திருத்தத்துக்காகக் கொழும்போடு பேசும் வாசலை மூட முடியாது என்பது காரணம் என்று டெல்லி சொல்லும். அவற்றில் உண்மை உண்டு. சொல்லப்படாத காரணமும் உண்டு. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது இந்திய அமைதிப்படை. எல்லை தாண்டிய விசாரணை என்ற கதவு திறந்தால் அது தன் பக்கமும் திறக்குமோ என்ற அச்சம் டெல்லிக்கு இருக்கிறது. அந்த அச்சத்தைப் பற்றிப் பேசாமல் 'இந்தியா ஆதரித்து வாக்களிக்க வேண்டும்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது இத்தனை ஆண்டு பலன் தரவில்லை.

எனவே தமிழ்நாட்டின் கோரிக்கை மாற வேண்டும். சித்திரவதை உடன்படிக்கையை இந்தியா உறுதிசெய்ய வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும். அதற்கு ஈழத்தை மட்டும் காரணம் காட்ட வேண்டியதில்லை. 2020 சாத்தான்குளமும் 2025 திருப்புவனமும் நம் வீட்டு வாசலிலேயே நடந்தவை. போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டவருக்காகவும் வட்டுவாகலில் காணாமல் ஆக்கப்பட்டவருக்காகவும் ஒரே சட்டத்தைக் கேட்கலாம். டெல்லி அதில் சேர்ந்தாலும் 30ஆம் பிரிவுக்கு விலக்கு கேட்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானாலும் நம் காவல் நிலையங்களுக்குள் ஒரு சர்வதேசக் கடமை நுழைகிறது. அதுவே பெரிய லாபம்.

வழக்கைத் தொடுக்கக் கேட்க வேண்டிய நாடு கனடா. சிரியா வழக்கை நடத்திய அனுபவம் அதற்கு இருக்கிறது, ராஜபக்சக்கள் மீது தடை விதித்த துணிவும் இருக்கிறது. தன் தொகுதியில் தமிழர் வாக்கு எவ்வளவு முக்கியம் என்று அறிந்த உறுப்பினர்களும் அந்த நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் இனி நினைவு நாள் அறிக்கை கேட்காமல், 30ஆம் பிரிவின் கீழ் கொழும்புக்கு ஒரு கடிதம் எப்போது போகும் என்று கேட்க வேண்டும். நெதர்லாந்தையும் சேர்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

இந்த வழக்கு புலிகளின் குற்றங்களைத் தொடாது என்று சிலர் நிம்மதி அடையக்கூடும். அது எனக்கு உவப்பில்லை. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதும், பிள்ளைகள் பிடித்துச் செல்லப்பட்டதும், இறுதி நாட்களில் தப்பியோடிய மக்கள்மீது சுடப்பட்டதும் ஐ.நா. அறிக்கைகளில் இருக்கின்றன. அவற்றையும் ஜெனீவாவின் ஆதாரக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களின் பேச்சுக்குத்தான் கொழும்பில் உள்ள நல்ல மனிதர்களும் செவி கொடுப்பார்கள்.

அந்தக் களஞ்சியம்தான் எல்லா வழிக்கும் அடித்தளம். கோப்லென்ஸ் போன்ற வழக்குக்கும் அது வேண்டும், ஹேக் வழக்குக்கும் வேண்டும். அதனால் 2027இல் அந்தப் பணி நீட்டிக்கப்படுவதற்கு உழைப்பதையும் நிறுத்தக் கூடாது. அதற்கு முன்னால் ஒரு வேலை இங்கேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களிலும் வெளியிலும் இருக்கும் ஈழத்தமிழரில், தடுப்புக்காவலைக் கண்டவர்கள், உறவினரைக் கையளித்தவர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் யாரிடமும் முறையான வாக்குமூலம் கொடுத்திருக்க மாட்டார்கள். சட்டக் கல்லூரி மாணவர்களும் வழக்கறிஞர்களும் பயிற்சி பெற்று, சாட்சியின் பாதுகாப்புக்கு வழிசெய்து, நாள், இடம், முகாம், அதிகாரியின் பதவி எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் நிற்கும் வடிவத்தில் எழுதி வாங்க முடியும். கெங்கெங் 792 பேரிடம் அதைத்தான் செய்தார்.